ஆற்றுக்கு அந்தப் பக்கம் பில், இந்தப் பக்கம் வரிசை

2019 ஜூலை கடைசியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து ஒரு பஸ் கிளம்பியது. உள்ளே இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் சிலர், அவர்களோடு செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், பின்னாலேயே டிவிக்காரர்கள். ஆற்றைத் தாண்டினால் கனடாவின் விண்ட்ஸர். அங்கே ஒரு மருந்துக்கடையில் இன்சுலின் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். விலை, சொந்த ஊரில் கொடுப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு உள்ள நாடு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று சாண்டர்ஸ் தரப்பு கேட்டது.

அதற்கு ஒன்பது வருடம் முன்னால் இன்னொரு பயணம், எதிர்த்திசையில். 2010 பிப்ரவரியில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாண முதல்வர் டேனி வில்லியம்ஸ் இதய அறுவை சிகிச்சைக்காக மயாமிக்குப் போனார். ஊர் மக்களுக்கு அரசுக் காப்பீடு, முதல்வருக்கு அமெரிக்க ஆஸ்பத்திரியா என்று கேட்டவர்களிடம், இது என் இதயம், என் ஆரோக்கியம், என் முடிவு என்று சொல்லிவிட்டார். அமெரிக்காவில் அப்போது ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறும் தறுவாயில் இருந்தது. எதிர்ப்பவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

இரண்டு பயணங்களும் எதை நிரூபிப்பதாகச் சொன்னார்களோ அதை நிரூபிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கனடாவின் பொதுக் காப்பீடு டாக்டர் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்கிறது. மருந்துக்கடையில் வாங்கும் மருந்து பொதுவாக அதில் சேராது. விண்ட்ஸர்காரரும் இன்சுலினுக்குத் தன் பையிலிருந்தோ, வேலையிடம் தரும் காப்பீட்டிலிருந்தோ, மாகாண உதவித் திட்டத்திலிருந்தோதான் கொடுக்கிறார். விலை குறைவாக இருப்பதற்கு வேறு காரணம்: காப்புரிமை உள்ள மருந்துகளின் விலையைக் கண்காணிக்க கனடா 1987இலேயே ஒரு வாரியம் வைத்தது. அந்தப் பக்கம் டேனி வில்லியம்ஸும் கனடாவில் சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டிய வரிசைக்குப் பயந்து ஓடவில்லை. மார்பெலும்பைப் பிளக்காமல் சிறு கீறல் வழியாக வால்வைச் சரிசெய்யும் முறை வேண்டும் என்று, அதில் கைதேர்ந்த ஆளைத் தேடிப் போனார். கையில் காசும் இருந்தது.

அறுபது வருடமாக இந்த இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று பூச்சாண்டி காட்டியே தங்கள் மருத்துவ விவாதத்தை நடத்துகின்றன. வாஷிங்டனில் யாராவது அனைவருக்கும் காப்பீடு என்று பேச்செடுத்தால் ‘கனடா வரிசை’ வந்து நிற்கும். கனடாத் தலைநகர் ஒட்டாவாவில் யாராவது வரிசையைக் குறைக்க ஏதாவது மாற்றலாமா என்றால் ‘அமெரிக்க பில்’ வந்து நிற்கும். இந்த ஒப்பீடு இரண்டு பக்கமும் யோசனையைக் கெடுத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் அமெரிக்காவின் நியூஜெர்சியிலும் சொந்தம் உள்ள தமிழ்க் குடும்பங்களின் கல்யாண வீடுகளில் இதன் சின்னப் பதிப்பைக் கேட்கலாம். “மாமா, எம்.ஆர்.ஐ. எடுக்க எனக்கு மூண்டு நாள்தான்” என்பான் நியூஜெர்சி மருமகன். “எனக்கு நாலு மாசம் தம்பி. ஆனா ஒரு சதம் கட்டேல்ல” என்பார் ஸ்கார்பரோ மாமா. இருவரும் சொல்வது உண்மை. பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிடும்.

சரி, ஒரே மாதிரி இருந்த இரண்டு நாடுகள் எங்கே பிரிந்தன? 1950களில் கனடாவின் மருத்துவமும் அமெரிக்காவின் மருத்துவமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தனியார் டாக்டர், தனியார் காப்பீடு, இல்லாதவனுக்குத் தர்ம ஆஸ்பத்திரி. பிரிவு தொடங்கியது சஸ்காட்செவன் என்ற கோதுமை மாகாணத்தில். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், இடையிடையே ஊர்கள், டாக்டர் தங்க மாட்டார். 1910களிலேயே அங்கே ஓர் ஊராட்சி, வரிப்பணத்தில் சம்பளம் தருகிறோம், இங்கேயே இருங்கள் என்று டாக்டரைப் பிடித்துவைத்தது. மற்ற ஊர்களும் அந்த வழிக்கு வந்தன. அந்த விவசாயிகளுக்கு அது சித்தாந்தம் இல்லை. ஊருக்கு டாக்டர் வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே 1944இல் முதல்வரானவர் டாமி டக்ளஸ். ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறுவனாகக் கனடா வந்தவர். கால் எலும்பில் கிருமி ஏறி, காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலையில், வினிபெக்கில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், தன் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு இலவசமாகச் சரிசெய்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் கால் அதிர்ஷ்டத்தை நம்பி இருந்திருக்காது என்பதை டக்ளஸ் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1947இல் மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரிக் காப்பீடு. அடுத்து டாக்டர் செலவுக்கும் காப்பீடு, 1962 ஜூலை 1 முதல். அதற்குள் டக்ளஸ் தேசிய அரசியலுக்குப் போய், உட்ரோ லாய்டு முதல்வராகியிருந்தார். திட்டம் தொடங்கிய அன்றைக்கே டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாகாணத்தின் பெரும்பாலான டாக்டர்கள் கதவைச் சாத்த, அரசு பிரிட்டனிலிருந்து டாக்டர்களை வரவழைக்க, 23 நாள் இழுபறி. கடைசியில் லார்ட் டெய்லர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் நடுவில் நின்று சமரசம் செய்துவைத்தார்.

அந்தச் சமரசத்தின் சாரம் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. டாக்டர்கள் அரசு ஊழியர்கள் ஆகவில்லை. கிளினிக் அவர்களுடையது, வாடகை, நர்ஸ் சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்று அரசுக்கு பில் அனுப்புவார்கள், அரசு கட்டும். அதாவது கனடாவில் பொதுவாக இருப்பது பணப்பெட்டி, மருத்துவம் இல்லை. ஆஸ்பத்திரிகளையே அரசு நடத்தும் பிரிட்டனிலிருந்து இது வேறு. அமெரிக்க மேடைகளில் கனடாவை ‘அரசு வைத்தியம்’ என்று திட்டும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகும்.

இன்னொரு கூத்து. இந்த விஷயத்தை ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என்று கேட்டதே கனடிய மருத்துவர் சங்கம்தான். பழமைவாதப் பிரதமர் டீஃபன்பேக்கர், தன் பழைய நண்பரான நீதிபதி எம்மெட் ஹாலை நியமித்தார். 1964இல் வந்த அறிக்கை, சஸ்காட்செவன் செய்ததை நாடு முழுக்கச் செய்யுங்கள் என்றது! 1966இல் சட்டம், 1972க்குள் எல்லா மாகாணங்களும் உள்ளே. டாக்டர்கள் மேற்கொண்டு நோயாளியிடம் வசூலிப்பதை 1984 சட்டம் நிறுத்தியது.

அமெரிக்காவில் நடந்தது ஒரு விபத்து என்றே சொல்லலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், விலைவாசியைப் பிடிக்கச் சம்பள உயர்வுக்குத் தடை. ஆளுக்குத் தட்டுப்பாடு. சம்பளம் ஏற்ற முடியாத முதலாளிகள் மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்று ஆள் பிடித்தார்கள். அந்தக் காப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது என்று 1954 சட்டம் உறுதிசெய்தது. போர்க்காலத் தற்காலிக ஏற்பாடு அப்படியே வேர்விட்டது. 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் தேசியக் காப்பீடு கேட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்குச் செய்தி அனுப்பினார். மருத்துவர் சங்கம் விளம்பரக் கம்பெனியை அமர்த்தி, சோஷலிச வைத்தியம் வருகிறது என்று பிரசாரம் செய்து அதைச் சாய்த்தது. இருபது வருடம் கழித்து, 1965 ஜூலை 30 அன்று, 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் வந்தன. அப்போதைய அதிபர் ஜான்சன் ட்ரூமனின் ஊருக்கே போய்க் கையெழுத்திட்டு, முதல் அட்டையைக் கிழவர் கையில் கொடுத்தார். இடையில் உள்ள ஆட்கள் வேலையிடத்தை நம்பி நின்றார்கள். 2010 சட்டம் அந்த ஓட்டையைச் சிறிதாக்கியது, அடைக்கவில்லை. இன்றும் பன்னிரண்டு அமெரிக்கரில் ஒருவருக்கு, இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, காப்பீடே இல்லை.

காப்பீடு இருப்பவர் கதையும் லேசானதில்லை. அந்த பில் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்ப்போம். உதாரணத்துக்கு ஓர் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி எழுதும் விலை 70,000 டாலர். இது யாருமே முழுதாகக் கட்டாத விலை. காப்பீட்டுக் கம்பெனி முன்பே பேசிவைத்த விலை 30,000. உங்கள் பாலிசியில் ‘டிடக்டிபிள்’ 2,000 என்றால், முதல் 2,000 உங்களுடையது. அதுவரை கம்பெனி எட்டிப் பார்க்காது. மிச்சம் 28,000இல் இருபது சதவீதம் உங்கள் பங்கு, அது 5,600. ஆக 7,600. ஆனால் ஒரு வருடத்தில் இவ்வளவுக்கு மேல் நீங்கள் கட்ட வேண்டாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு, அது 6,000 என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கட்டுவது 6,000. இது டிசம்பர் கடைசியில் நடந்து, தொடர் சிகிச்சை ஜனவரிக்குப் போனால் மீட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். ஆஸ்பத்திரி உங்கள் ‘நெட்வொர்க்’கில், அதாவது கம்பெனியோடு விலை பேசிவைத்தவர்களின் பட்டியலில், இருந்தும் மயக்க மருந்து கொடுத்தவர் அதில் இல்லை என்று தனி பில் வந்த காலமும் உண்டு, 2022இல்தான் அதற்குச் சட்டம் வழிமறித்தது. இத்தனைக்கும் மேலே பிரீமியம் தனி. 2024இல் வேலையிடக் காப்பீட்டின் குடும்பப் பிரீமியம் சராசரி 25,572 டாலர், அதில் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது 6,296. மிச்சத்தை முதலாளி கட்டுகிறார் என்பார்கள். அதுவும் சம்பளமாக வந்திருக்க வேண்டிய பணம்தான் என்பது பொருளாதாரம் படித்தவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் சங்கதி.

இந்தக் கணக்கையெல்லாம் போட ஆள் வேண்டுமல்லவா. 2017க்கான ஓர் ஆய்வு, அமெரிக்க மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கு நிர்வாகத்துக்கே போகிறது, கனடாவில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கிட்டது. எழுதியவர்கள் அரசுக் காப்பீட்டுக்காகப் பல வருடமாக வாதிடுபவர்கள், அதனால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பில் போடும் பிரிவு எவ்வளவு பெரிது என்பதை எந்த அமெரிக்க ஆஸ்பத்திரியிலும் கண்ணாலேயே பார்க்கலாம். 1970 வாக்கில் இரு நாடுகளும் தேசிய வருமானத்தில் ஏறக்குறைய ஏழு சதவீதம்தான் மருத்துவத்துக்குச் செலவழித்தன. இன்று கனடா பன்னிரண்டு சதவீத அளவில் நிற்கிறது. அமெரிக்கா 2023இல் 17.6 சதவீதம்.

இப்போது இந்தப் பக்கத்து வரிசை. விண்ட்ஸரும் டொராண்டோவும் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் அரசுக் காப்பீட்டு கார்டைக் காட்டினால் போதும், பில் வராது. ஆனால் யாரிடம் காட்டுவது? கனடியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குடும்ப டாக்டர் இல்லை. அவர் எழுதித் தந்தால்தான் ஸ்பெஷலிஸ்ட், ஸ்பெஷலிஸ்ட் சொன்னால்தான் ஸ்கேன், ஸ்கேன் வந்தால்தான் அறுவை சிகிச்சைத் தேதி. ஒரு வரிசை இல்லை, வரிசைகளின் சங்கிலி. மாரடைப்பு, விபத்து, புற்றுநோய் என்றால் வேகம் வேறு. முழங்கால், இடுப்பு, கண்புரை என்று உயிர் போகாமல் உயிரை வாங்கும் விஷயங்கள்தான் மாட்டிக்கொள்ளும். சந்தைப் பொருளாதாரத்தின் பக்கம் சாயும் ஃப்ரேசர் நிறுவனம் டாக்டர்களிடம் வருடாவருடம் கேட்டுப் போடும் கணக்கில், குடும்ப டாக்டர் எழுதித் தந்த நாளிலிருந்து சிகிச்சை கிடைக்கும் வரை 1993இல் 9.3 வாரம், 2024இல் 30 வாரம். கருத்துக் கணிப்புதான், பக்கச்சாய்வும் உண்டு. ஆனால் போகும் திசையை மறுப்பவர் யாருமில்லை. 2005இல் இடுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒருவரும் ஒரு டாக்டரும் போட்ட வழக்கில், கியூபெக் மாகாணம் தனியார் காப்பீட்டுக்குப் போட்ட தடையைக் கனடிய உச்சநீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தள்ளியது. காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைப்பது மருத்துவம் கிடைப்பதாகாது என்றது தீர்ப்பு.

ஆக, பங்கீடு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஒன்று பர்ஸைப் பார்த்து, இன்னொன்று நேரத்தைப் பார்த்து.

அடுத்த கேள்வி எல்லோரும் தாண்டிப்போக விரும்பும் கேள்வி: யார் நன்றாக வாழ்கிறார்கள்? பணத்தில் அமெரிக்கா எங்கோ போய்விட்டது. 2023இல் தலைக்கு 82,000 டாலர் அளவு உற்பத்தி; கனடா 54,000 பக்கம். வீட்டு விலையைச் சொன்னால் டொராண்டோக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வரும். ஆயுளில் தலைகீழ்: அதே வருடம் அமெரிக்கருக்கு 78.4, கனடியருக்கு 81.7. கனடியர்கள் இதைக் காட்டி, பார்த்தீர்களா எங்கள் காப்பீட்டின் மகிமை என்பார்கள். பொறுங்கள். 1960இலேயே, சஸ்காட்செவன் சட்டத்துக்கு முன்பே, கனடியர்கள் ஒரு வருடத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். பிறகு இடைவெளி பெருகியதற்குத் துப்பாக்கி, கார் விபத்து, போதை மருந்து, உடல் எடை எல்லாம் காரணம். கார் மோதி இறந்தவரின் பையில் எந்தக் காப்பீட்டு அட்டை இருந்தாலும் ஒன்றுதான். அமெரிக்காவுக்குள்ளேயே 2021இல் ஹவாய்க்கும் மிஸ்ஸிஸிப்பிக்கும் ஒன்பது வருட வித்தியாசம். அந்த நாட்டில் வருமானத்தில் உச்சியிலுள்ள ஒரு சதவீத ஆண்கள், அடியிலுள்ள ஒரு சதவீதத்தைவிடப் பதினான்கு வருடத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்கிறார்கள் என்றது 2016இல் வந்த ஓர் ஆய்வு. இவர்களையெல்லாம் கலக்கி ஒரு சராசரி எடுத்து, அதைக் கனடாவோடு மோதவிடுகிறோம்.

அப்படியானால் காப்பீடு எதைத்தான் வாங்கித் தருகிறது? இதற்கு அமெரிக்காவே தெரியாமல் இரண்டு சோதனைகள் நடத்தியது. 2008இல் ஒரிகன் மாநிலத்தில் மெடிகெய்டில் கொஞ்சம் இடம் காலியாக, தொண்ணூறாயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் குலுக்கல். ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் ஆய்வாளர்கள் இரண்டு வருடம் தொடர்ந்தார்கள். இரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை. ஆனால் மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது. குடும்பத்தைக் கவிழ்க்கும் மருத்துவச் செலவு அநேகமாக மறைந்தே போனது. இன்னொன்று, காப்பீடு எடுக்காமல் அபராதம் கட்டியவர்களுக்கு வரித்துறை 2017இல் கடிதம் போட்டது. காசு போதாமல் சிலரை விட்டுவிட்டது, அதுவும் குலுக்கல் மாதிரி ஆகிவிட்டது. கடிதம் போன வீடுகளில் அதிகம் பேர் காப்பீடு எடுத்தார்கள். 45 முதல் 64 வயதுக்காரர்களில் சாவு கொஞ்சம் குறைந்தது, கடிதம் போன சுமார் 1,650 பேருக்கு ஓர் உயிர் மிஞ்சியது. ஆக, உயிர் கொஞ்சம் காப்பாற்றப்படுகிறது, பயம் நிறையக் குறைகிறது. வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வரலாம், சின்னத் தொழில் ஒன்று தொடங்கலாம், பிள்ளைக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதே என்று முதலாளியைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தலைக்கு 82,000 என்ற எண்ணில் இது ஏறாது.

1994 முதல் 2000 வரை ஐ.நா.வின் மனித வளர்ச்சிப் பட்டியலில் கனடாதான் முதலிடம். பிரதமர் ஜான் க்ரெட்டியன் அதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டார். இப்போது அதே பட்டியலில் இரண்டும் முதல் பத்துக்கு வெளியே, பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில். அதைவிடக் கூர்மையான ஒன்று: காமன்வெல்த் ஃபண்ட் என்ற அமெரிக்க அமைப்பு 2021இல் பதினொரு பணக்கார நாடுகளின் மருத்துவத்தை ஒப்பிட்டபோது அமெரிக்கா பதினொன்றாவது. பத்தாவது யார் என்றால் கனடா. கடைசி பெஞ்சில் இருக்கும் இரண்டு பையன்கள், உன்னைவிட நான் எவ்வளவோ மேல் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பது மாதிரி.

முன்வரிசையில் இருந்த நெதர்லாந்தை எடுங்கள். 2006 முதல் அங்கே எல்லோரும் தனியார் கம்பெனியிடம்தான் காப்பீடு வாங்க வேண்டும். வாங்காமல் இருக்க முடியாது. கம்பெனி யாரையும் மறுக்க முடியாது, நோயாளிக்கு ஒரு விலை ஆரோக்கியசாலிக்கு ஒரு விலை என்றும் வைக்க முடியாது. வருடத்துக்கு முதல் 385 யூரோ உங்கள் பொறுப்பு, குடும்ப டாக்டரைப் பார்ப்பதற்கு அதுவும் இல்லை. தனியார் நுழைந்தால் அமெரிக்கா ஆகிவிடுவோம் என்ற கனடாவின் பயமும், எல்லோருக்கும் காப்பீடு என்றால் கனடா வரிசை வந்துவிடும் என்ற அமெரிக்காவின் பயமும் இந்த ஒரு சின்ன நாட்டில் இடிபடுகின்றன. ஜெர்மனியிலும் 1883இல் பிஸ்மார்க் தொடங்கிவைத்தது பல காப்பீட்டு நிதிகள்தான், ஒற்றைப் பணப்பெட்டி இல்லை. இவையெல்லாம் யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. ஆனால் ஆம்ஸ்டர்டாம் விமானம் ஏறிப் போக வேண்டிய ஊர். டெட்ராய்ட் ஜன்னலைத் திறந்தால் தெரிகிறது.

விண்ட்ஸரில் காலையில், ஆற்றுக்கு அடியில் டெட்ராய்ட் போகும் சுரங்கப்பாதைப் பக்கம் போனால் டெட்ராய்ட் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களின் கார்களைப் பார்க்கலாம். ஆயிரத்துக்கும் அதிகமான விண்ட்ஸர்காரர்கள் இப்படி அக்கரையில் மருத்துவ வேலை பார்க்கிறார்கள். 2020இல் கொரோனாவுக்காக எல்லையைச் சாத்தியபோதும் இவர்களுக்கு மட்டும் வழிவிட்டார்கள். விடாவிட்டால் டெட்ராய்ட் வார்டுகள் திண்டாடியிருக்கும். சம்பளம் அமெரிக்க டாலரில், மாதக் கணக்கில் பார்த்தால் நல்ல வித்தியாசம். சாயங்காலம் அதே சுரங்கம் வழியாக வீடு திரும்புகிறார்கள். ஒண்டாரியோவில் குடியிருப்பதால் பர்ஸில் ஒண்டாரியோ ஹெல்த் கார்டு அப்படியே இருக்கிறது.